திருமலையில் இருந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் டயர்: எங்கே சாய்க்கப் போகிறாய்?

திருகோணமலையில் மோட்டார் சைக்கிளுக்கு ஸ்போர்ட்ஸ் டயர் போடப்போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும், போட்டுவிட்டு வண்டியை எந்த வளைவில் சாய்க்கப் போகிறாய் என்றுதான் முதலில் கேட்பேன். நக்கலுக்குக் கேட்பதில்லை. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று வடக்கே போகிற ரோட்டை எடுங்கள், கடலோரமாக நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது. கந்தளாய் போகிற ஏ6 அதற்குமேல், ஹபரணை வரைக்கும் காட்டுக்குள்ளால் நேரே ஓடும். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், மட்டக்களப்பு என்று இறங்குகிற ஏ15, ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுரம் போகிற ஏ12, இவை எதிலும் முழங்கால் தரையில் உரசும் அளவுக்குச் சாய்க்கிற வளைவு கிடையாது. டவுனுக்குள் என்றால் பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற ஏற்றம், உள்துறைமுக வீதியில் கொஞ்சம், அவ்வளவுதான். கோட்டைக்குள் மான்கள் நடுரோட்டில் நிற்கும், கோயிலுக்குப் போகிற சனம் நிற்கும், அங்கே போய்ச் சாய்த்து ஓட்டுகிறவனுக்கு டயர் வாங்கிக் கொடுத்துப் பிரயோசனம் இல்லை.

இதை வைத்து, அப்படியானால் ஆகக் குறைந்த விலை டயரே நமக்குப் போதும் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். நம் ரோட்டில் டயருக்கு வேறு விதமான சோதனை இருக்கிறது. நேரான ரோட்டில் எழுபதில் எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது மாடு குறுக்கே வரும். இரவில் காப்பெட் ரோட்டின் சூட்டுக்காக நடுவிலேயே படுத்திருக்கும், கறுப்பு மாடென்றால் லைட் வெளிச்சத்தில் கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. கந்தளாய்க்கு அங்காலே இருட்டிய பிறகு போனால் மாட்டுக்குப் பதிலாக யானை. அறுவடை நேரத்தில் தம்பலகாமம் பக்கம் ரோட்டுக் கரையில் நெல் காயப்போட்டிருப்பார்கள், எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. நிலாவெளிப் பக்கம் காற்றுக்கு மணல் ஏறிக் கிடக்கும். ஆக, திருமலைக்காரனுக்கு டயர் உதவவேண்டிய இடம் வண்டி நிமிர்ந்தபடியே சடாரென்று பிரேக் பிடிக்கிற இடம், அதுவும் மாரியில் ரோடு நனைந்து கிடக்கும்போது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என்னுடையது யமஹா எஃப்.இசட்., இரண்டாவது வேர்ஷன், சடாரென்று பிரேக் பிடித்தாலும் சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கிற ஏ.பி.எஸ். கிடையாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்கு முன்னால் வந்த வண்டி. அதன் பிறகு பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது, புது வண்டி கனவாகிவிட்டது, ஆகவே நம்மில் பலர் இருக்கிற வண்டியையே பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது டயர் விலை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். இறக்குமதி திரும்பவும் திறந்த பிறகும் பழைய விலை திரும்பி வரவில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் டயர் வாங்குவதை அந்தக் காலத்தில் வீட்டுக்கு ரேடியோ வாங்கினது மாதிரி நாலு பேரிடம் விசாரித்து, இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கவேண்டியிருக்கிறது.

சரி, அளவுக்கு வருவோம். எஃப்.இசட். இன் முன் டயர் 100/80-17, பின் டயர் 140/60 ஆர்17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் டயரின் உயரம் என்பது. பின் டயரில் 140 இன் 60 வீதம், அதாவது 84 மில்லிமீற்றர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் ஆர் இருந்தால் ரேடியல், அதாவது டயருக்குள் இருக்கிற நூல்கள் நேர்குறுக்காக ஓடும்; வெறும் கோடு மட்டும் இருந்தால் பயஸ், நூல்கள் சரிவாக ஒன்றையொன்று வெட்டி ஓடும். பின் டயரில் அளவுக்குப் பக்கத்தில் 63பி என்று போட்டிருக்கும்: 63 என்றால் அந்த டயர் தாங்கும் பாரம் 272 கிலோ, பி என்றால் மணிக்கு 150 கிலோமீற்றர் வரை. முன் டயரில் 52பி, அதாவது 200 கிலோ. எஸ் என்று போட்டிருந்தால் 180, எச் என்றால் 210. எச் டயர் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் நம் வண்டி 150ஐயே எட்டாது, ஆகவே அந்த எழுத்துக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பாரத்தின் எண்தான் கவனிக்கவேண்டியது. பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, டாங்கிமேல் சந்தைப் பை என்று போகிற ஊரில் அந்த எண்ணைக் குறைத்து வாங்கக்கூடாது.

என் சித்தியின் மகன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் எஃப்.இசட்.தான். "அண்ணா, பின்னுக்கு 150 போட்டா வடிவா இருக்கும்" என்று ஒரு மாதமாக நச்சரித்தான். வடிவாகத்தான் இருக்கும், பின்னால் நின்று பார்க்கிறவனுக்கு. ரிம் 140க்கு என்று செய்தது. அதில் அகலம் கூடிய டயரை ஏற்றினால் இரண்டு கரையும் உள்ளே நெரிபட்டு டயரின் முதுகு கூனிவிடும். கூனிய டயர் நேராக ஓடும்போது ரோட்டில் படுகிற இடம் நாம் நினைக்கிற மாதிரிக் கூடுவதில்லை, வண்டி திருப்புவதற்கு மந்தமாகிவிடும், போதாததற்கு செயின் கவரிலோ மட்காட்டிலோ போய் உரசும். இன்னும் சிலர் 140/70 போடுகிறார்கள், கடையில் அதுதான் இருந்தது என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 அங்குலம் என்பது 431.8 மில்லிமீற்றர். 140/60 டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 600, 140/70 டயரின் விட்டம் 628. பின்பக்கம் 14 மில்லிமீற்றர் தூக்கிவிடும், அதோடு சில்லின் சுற்றளவு நாலரை வீதத்துக்கு மேல் கூடுகிறது. கியர் விகிதம் அந்த அளவுக்கு உயர்ந்த மாதிரித்தான், இழுவை குறையும், இரண்டு பேர் ஏறிக்கொண்டு மேட்டில் ஏறும்போது கியரை இறக்கவேண்டி வரும். இந்த 150 சிசி இன்ஜினில் இழப்பதற்கு என்ன இழுவை இருக்கிறது? கம்பனிக்காரன் போட்டுத் தந்த அளவை மாற்றாதே என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது, இன்னும் அந்த 150 ஆசை போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் கலவை, அதாவது ரப்பர் மெதுவா கடினமா என்பது. ஸ்போர்ட்ஸ் டயர் என்றாலே மெது ரப்பர், நன்றாக ஒட்டும், சீக்கிரம் தேயும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அதில் பாதி உண்மை. ரேஸ் ஓடுகிற டயர்கள் நன்றாகச் சூடேறினால்தான் ஒட்டும், அதனால்தான் ஓட்டம் தொடங்கும்வரை அவற்றுக்குச் சூட்டுப் போர்வை போர்த்தி வைக்கிறார்கள். மார்கழி மழையில் உப்புவெளி ரோட்டில் நாற்பதில் போகும்போது அந்தச் சூடு எங்கிருந்து வரும்? ஈரத்தில் ஒட்டுவதற்கு உதவுவது ரப்பரில் கலக்கிற சிலிக்கா. கரித்தூள் மட்டும் கலந்த ரப்பரைவிடச் சிலிக்கா கலந்தது குளிர்ந்து நனைந்த ரோட்டில் நன்றாகப் பிடிக்கும். மிஷெலின்காரர்கள் 1992இல் கார் டயரில் அதைப் பெரிய அளவில் கொண்டுவந்தார்கள், பிறகு மோட்டார் சைக்கிள் டயர்களிலும் அது சாதாரணமாகிவிட்டது. ஆகவே கடையில் கேட்கவேண்டியது ஈரத்துக்கு எப்படி என்று. மெது டயரா என்று கேட்டால், எந்த டயரைக் காட்டினாலும் ஓம் என்றுதான் சொல்வார்கள்.

நேர் ரோட்டில் மெது டயர் போட்டால் என்ன ஆகும் என்று தெரியவேண்டுமானால் டவுனில் நிற்கிற எந்த வண்டியின் பின் டயரையும் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து லொறி டயர் மாதிரி இருக்கும், இரண்டு கரையிலும் புது டயரின் முடி அப்படியே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய மெது ரப்பரில் பாதி ரோட்டையே பார்க்கவில்லை. இதில் சேதம் காசோடு நிற்காது. தட்டையாகிய டயர் எப்போதாவது கண்டிப் பக்கம், மகியங்கனைப் பதினெட்டு வளைவுப் பக்கம் என்று போய்ச் சாய்க்கும்போது, தட்டைக்கும் வளைவுக்கும் இடையிலுள்ள விளிம்பில் ஏறி விழுகிற மாதிரி ஒரு உணர்வைத் தரும், வயிற்றைக் கலக்கும். இதற்கென்றே இரட்டைக் கலவை டயர்கள் இருக்கின்றன, நடுவில் கடின ரப்பர், கரைகளில் மெது ரப்பர். நம் ஊருக்கும், வருடத்தில் ஒருக்கா இரண்டுதரம் மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கும் பொருத்தமானது அதுதான். நமது அளவில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். எல்லாக் கம்பனிகளும் எல்லா அளவிலும் செய்வதில்லை, அதுதான் சிக்கல். மிஷெலின் பைலட் ஸ்ட்ரீட், பிரெல்லி டியாப்லோ ரோஸ்ஸோ ஸ்போர்ட் என்று இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு ஆசையோடு கடைக்குப் போனால், உங்கள் வண்டியின் அளவு இருக்காது, அல்லது முன்னுக்கு இருக்கும் பின்னுக்கு இருக்காது.

நான் போன கடையில் முன், பின் இரண்டு அளவும் இருந்தன. அதுதான் பெரிய ஆச்சரியம். ஐரோப்பியக் கம்பனி டயர், பளபளவென்று பொலித்தீன் சுற்றியபடி. கடைக்காரர் இறக்கி வைத்துவிட்டு, "தம்பி, இதப் போட்டா வண்டி ரோட்ட விட்டு அசையாது" என்றார். நான் பொலித்தீனை விலக்கி டயரின் கன்னத்தைத் தடவித் தேடினேன். டி.ஓ.டி. என்று தொடங்குகிற வரியின் கடைசியில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். அங்கே 1121 என்று இருந்தது. 2021ஆம் ஆண்டின் 11ஆவது வாரம், மார்ச் மாதம். வாசலில் வெயில் படுகிற இடத்தில் எவ்வளவு காலம் தொங்கியதோ தெரியாது. ரப்பர் சும்மா இருந்தாலும் முதிரும், வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டால் இன்னும் வேகமாக இறுகும், பிறகு கன்னத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு வரும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டில் பிடிக்காது. அதே கடையில் உள்ளே இருட்டு மூலையில் எம்.ஆர்.எஃப். இருந்தது, இலக்கம் 0925. என் வண்டி புதிதாக வந்தபோது போட்டு வந்த அதே கம்பனி. பேருக்கு ஆசைப்பட்டு நாலு வருடம் முதிர்ந்ததை எடுப்பதைவிட, சில மாதங்களுக்கு முன் செய்ததை எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "டயர் என்ன பாணா, பழுதாப் போக?" என்று கேட்டார். நல்ல இடத்தில், நிழலில், வெயில் படாமல் வைத்திருந்தால் ஒன்றிரண்டு வருடம் பெரிய விஷயமில்லைதான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். வாசலில் தொங்குவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

முன் டயரைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதவேண்டியிருக்கிறது. நம்மவர்கள் பின் டயரைத்தான் மாற்றுவார்கள். பின் டயர் தேய்வது கண்ணுக்குத் தெரியும், பின் டயர்தான் அகலம், படம் எடுத்தால் தெரிவதும் அதுதான். முன் டயர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படியே கிடக்கும். ஆனால் சடாரென்று பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் பெரும்பாலும் முன்னால் போய் விழுகிறது, நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சில்லுக்குத்தான். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் முன் சில்லு வழுக்கினால் யோசிக்க நேரம் கிடைக்காது, நேரே விழுத்திவிடும். பின் சில்லு வழுக்கினால் கொஞ்சம் ஆடிவிட்டாவது பிழைக்கலாம். காசு குறைவாக இருந்தால், இரண்டில் ஒன்றுக்குத்தான் நல்லது வாங்க ஏலும் என்றால், முன்னுக்குப் போடுங்கள். நான் இரண்டையும் ஒன்றாகவே மாற்றினேன், பழைய முன் டயரில் பள்ளம் இன்னும் இருந்தது, ஆனால் நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. பள்ளம் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு கல்லாகிப்போன டயரில் ஓடுகிறவர்கள் எத்தனை பேர். இன்னொன்று, பின்னுக்கு ரேடியல், முன்னுக்குப் பயஸ் என்று எஃப்.இசட். இல் கம்பனியே போட்டுத் தருகிறது, அது பிழையில்லை. முன்னுக்கு ரேடியலும் பின்னுக்குப் பயஸுமாக மாற்றிப் போடுவதுதான் கூடாது.

தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டித் தருகிறார்கள் சில இடங்களில். மோட்டார் சைக்கிளுக்கு அதைச் செய்கிறவனையும் செய்விக்கிறவனையும் பற்றி நான் எழுதினால் நாகரிகமாக இருக்காது, விட்டுவிடுகிறேன்.

பூட்டுகிற இடத்தில் நின்று பாருங்கள், டீ குடிக்கப் போய்விடாதீர்கள். கடற்கரை ஊரில் உப்புக் காற்றுக்கு அலாய் ரிம்மின் உள் விளிம்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். டியூப் இல்லாத டயரில் காற்று நிற்பது அந்த விளிம்பில் டயர் இறுகப் பதிந்திருப்பதால்தான். பூத்துப்போன ரிம்மில் புது டயரை ஏற்றினால் மூன்று நாளைக்கு ஒருதரம் காற்று இறங்கும், பஞ்சர் தேடித் தேடி அலைவீர்கள், ஒரு முள்ளும் இருக்காது. பழைய டயரைக் கழற்றியதும் பூட்டுகிற பாஸிடம் சொல்லி அந்த விளிம்பை நன்றாகச் சுரண்டித் துடைக்கச் சொல்லுங்கள். வால்வையும் புதிதாகப் போடுங்கள், டயரின் விலையோடு பார்த்தால் அது காசே இல்லை. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், பார்க்காமல் மாறிப் பூட்டிவிட்டுத் திரும்பக் கழற்றுவதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மஞ்சள் பொட்டு இருந்தால் அது டயரின் பாரம் குறைந்த இடம், அதை வால்வுக்கு நேரே வைக்கவேண்டும். பஞ்சருக்கு என்று ஜெல் ஊற்றித் தரவா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்றேன், உள்ளே அது ஒரு பக்கம் தேங்கினால் சில்லு ஆடும், அடுத்த தடவை டயர் கழற்றுகிறவன் திட்டுவான். உடைமுள் குத்தினால் திரி வைத்து அடைத்துக்கொள்ளலாம், அந்தச் சாமான் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. நைட்ரஜன் அடிக்கச் சொன்னவருக்கும் அதே பதில்தான், சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைட்ரஜன் இருக்கிறது.

காற்றின் அளவு பற்றி ஊரில் ஒரு விசித்திரமான நம்பிக்கை உண்டு, இறுக்கமாக அடித்தால் பெற்றோல் மிச்சம் என்று. பெற்றோல் செட்டில் பெடியன் கேட்காமலே நாற்பது பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) அடித்துவிடுவான். அப்படி அடித்தால் டயரின் நடு முதுகு மட்டும் ரோட்டில் படும், நான் இவ்வளவு நேரம் எழுதிய பிரேக் கதை முழுவதும் வீண். வண்டியின் கையேட்டில் அல்லது செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் ஒருவர் போவதற்கு எவ்வளவு, இருவர் போவதற்கு எவ்வளவு என்று இருக்கும், அதுதான் கணக்கு. டயர் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியான வெயிலில் ஓடிவிட்டு உடனே அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், ஏறக்குறைய ஐந்தாறு பாகை சூட்டுக்கு ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். கூடிவிட்டதே என்று அப்போது காற்றைத் திறந்துவிட்டால் அடுத்த நாள் காலை டயர் தொய்ந்து நிற்கும்.

புது டயர் முதலில் வழுக்கும். மேற்பரப்பு அச்சிலிருந்து வந்தபடி வழவழவென்று இருக்கும், ரோட்டில் உரசி அது போகவேண்டும். முதல் 150 கிலோமீற்றரை அடக்கமாக ஓடுங்கள், முடிந்தால் காய்ந்த ரோட்டில். ஆகவே மாரி தொடங்கிய பிறகு டயர் மாற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். இங்கே வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும்தான் கொட்டும், மாதக்கணக்காகக் காய்ந்த ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசும் முதல் மழைக்கு மேலே வந்து சவர்க்காரம் போட்ட மாதிரி ஆகிவிடும். அந்த முதல் மழையையும் வழவழப்பான புது டயரையும் ஒரே கிழமையில் சந்திக்கவேண்டாம். ஓகஸ்டில், செப்டெம்பரில் மாற்றினால் நேரம் சரியாக இருக்கும். நான் அப்படித்தான் மாற்றினேன், நிலாவெளிக்கும் இறக்கக்கண்டிப் பாலத்துக்கும் சும்மா போய் வந்ததிலேயே வழவழப்புப் போய்விட்டது.

ஈரத்தில் எப்படி இருக்கிறது என்று மழை வந்த பிறகு எழுதுகிறேன். இப்போதைக்குச் சொல்ல ஏலுமானது, காய்ந்த ரோட்டில் முன் பிரேக்கை இறுக்கும்போது பழைய டயர் கீச்சிட்ட இடத்தில் இது சத்தமில்லாமல் பிடிக்கிறது, நேராக நிற்கிறது. மாற்றப்போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். பின் சில்லைக் கழற்றிப் பூட்டும்போது செயினின் தளர்வு மாறியிருக்கும், செயினைச் சரிசெய்கிற இடத்தில் இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்து, அக்சல் நட்டை இறுக்கினானா என்றும் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுங்கள்.